கொக்குத் துப்பாக்கி

மலையை விட்டு இறங்கி ஓடை தரையைத் தொடுகிற இடத்தில் ஓலை வேய்ந்த மடம் ஒன்று உண்டு. அதில் இருந்த பெண் துறவியை ஊரே ஓடைக்கரை அம்மா என்று கூப்பிட்டது. வயசு நாற்பது இருந்தால் அதிகம். அவரிடம் சீடராக வந்து சேர்ந்த கொம்பையாவுக்கோ தலையில் கறுப்பு முடி ஒன்றுகூட மிச்சமில்லை. குரு சீடனை ‘அண்ணாச்சி’ என்பதும், சீடன் குருவை ‘தாயி’ என்பதும் விறகு பொறுக்க வருகிற பெண்களுக்கு நல்ல வேடிக்கை. சிரித்துவிட்டுப் போகட்டும், நமக்கென்ன.

கொம்பையா காவி வாங்கக் காத்திருந்தார். வந்த நாளிலிருந்து கேட்கிறார். பார்க்கலாம் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்த அம்மா, ஒருவழியாகத் தைப்பூசத்துக்குத் தருகிறேன் என்று சொல்லிவிட்டார். நாளைக்குத் தைப்பூசம். காவி தோய்த்த வேட்டி கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், கல்யாணத்துக்கு எடுத்த பட்டை மாப்பிள்ளை தொட்டுப் பார்க்கிற மாதிரி.

ஆனால் கண்ணை மூடி உட்கார்ந்தால் சிவன் வரவில்லை. பேச்சித்தாய்தான் வந்தாள். ஊரில் விட்டுவிட்டு வந்த பெண்டாட்டி. ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி வந்து, ‘சாப்பிட வாரீகளா’ என்று கேட்டுவிட்டு நிற்பாள். அதற்குமேல் ஒரு மந்திரம் ஓடாது.

அன்று காலையில் அரிசி கொண்டுவந்த ஊர்க்காரன் வேறு சும்மா இருக்காமல் சொல்லிவிட்டுப் போனான்.

“மதினி இன்னும் ராத்திரி கதவுக்குத் தாப்பா போடுறதில்லண்ணே. ‘அவுக வந்தா தட்டிக்கிட்டு நிக்கணும்லா’ங்கா.”

கொம்பையா பகல் முழுக்கப் பொறுத்துப் பார்த்தார். வெயில் தாழ்ந்ததும் அம்மா முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார்.

“தாயி, விட்டுட்டுத்தான வந்தேன். பெறகு ஏன் மனசு அங்கனயே கெடக்கு?”

அம்மா எழுந்தார். “ஓடைப் பக்கம் வாங்க அண்ணாச்சி. நீங்க பாத்துச் சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு” என்று முன்னால் நடந்தார்.

மேட்டுப்பாறைக்கு அந்தப் பக்கம், தண்ணீர் ஓரமாக ஒரு மிளா படுத்திருந்தது. மாடு கணக்காகப் பெரிய மான். ஆள் வாடை பட்டும் அதற்கு எழுந்திருக்க முடியவில்லை. பின்தொடை வீங்கிப்போய் ஈ மொய்த்தது.

“வேட்டைக்காரக் குடும்பம்லா நீங்க. என்ன ஆச்சுன்னு சொல்லுங்க.”

கொம்பையா பாறையில் சாய்ந்து நின்று வெகுநேரம் பார்த்தார். பார்க்கப் பார்க்க முகம் கறுத்தது.

“குண்டடி தாயி. பட்டு ரொம்ப நாளாச்சு. ஓட்டையைப் பாருங்க, பயறு அளவுதான் இருக்கு. கொக்கு, புறா சுடுத துப்பாக்கி. அதைக் கொண்டு இம்மாம் பெரிய உசுரைச் சுட்டிருக்கான் பாவி.”

“சாகாதா?”

“சாகாது. பிழைக்கவும் செய்யாது. இப்படியே இழுத்துக்கிட்டுத் திரியும். தண்ணியைத் தேடும், நிழலைத் தேடும், ஒண்ணும் ஆத்தாது.”

“தெரிஞ்சும் ஏன் அதால சுட்டான்?”

“சத்தம் வராதுல்லா. காட்டிலாகா காதுல விழாது. பட்டா கறி. படலைன்னா யாருக்குத் தெரியப்போவுது.” அவர் காறித் துப்பினார். “எங்க அய்யா இருந்தா அவன் கையை ஒடிச்சிருப்பாக. பெருசைச் சுடணும்னா பெரிய தோட்டா போடு. முடியலையா, துப்பாக்கியைத் தொடாத. அம்புட்டுத்தான்.”

“பெரிய தோட்டான்னா பாவமும் பெருசுல்லா அண்ணாச்சி?”

“பெருசுதான். ஆனா அந்தப் பாவத்தைச் சுட்டவன் சுமப்பான். சின்னக் குண்டோட பாவத்தை மிருகம்லா சுமக்கு.”

அம்மா தலையாட்டினார். “சரி, தப்பிப் பட்டுருச்சு. பெறகு என்ன செய்யணும்?”

“சுட்டவன் அது பின்னாலயே போகணும். ஒண்ணு, பிழைச்சுக்கிட்டுன்னு கண்ணால பாக்கணும். இல்லாட்டி முடிச்சுவிடணும். ரெண்டும் இல்லாம வந்து உக்காந்து சோறு திங்கப்படாது. அது எங்க குடும்பத்துச் சட்டம்.”

மிளா ஒருவழியாக எழுந்தது. மூன்று காலில் நொண்டிக்கொண்டு புதருக்குள் போனது. அது போன வழியைப் பார்த்தபடி அம்மா கேட்டார்.

“வீட்டை விட்டு வரும்போது பேச்சித்தாய்கிட்ட என்ன சொல்லிட்டு வந்தீங்க?”

“என்னத்தைச் சொல்ல. எல்லாரும் சொல்லுததுதான். போயிட்டு வாரேன்னேன்.”

“வர்றதா இருந்தீங்களா?”

“இல்ல தாயி.”

“பெறகு ஏன் அப்படிச் சொன்னீங்க?”

“நேரா சொன்னா தாங்குவாளா அவ? கூப்பாடு போட்டு ஊரைக் கூட்டிருவா. இதுன்னா சத்தம்...”

கொம்பையாவின் வாய் அதோடு நின்றுவிட்டது. அம்மா ஓடையில் முகம் கழுவிக்கொண்டு மடத்துக்குத் திரும்பினார். கொம்பையா பாறையிலேயே உட்கார்ந்திருந்தார். கஞ்சி குடிக்கக் கூப்பிட்டும் வரவில்லை.

விடிந்தது. தைப்பூசம். குளித்துவிட்டு வந்தவர் கொடிப்பக்கம் போகவில்லை. பழைய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா முன்னால் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது.

“அவகிட்ட என்ன சொல்லப்போறேன்னு தெரியல தாயி. வந்துட்டேன்னு சொல்லுவேனா, இனி வரமாட்டேன்னு சொல்லுவேனா, ஒண்ணும் புரியல. முகத்தைப் பாக்கணும் போல இருக்கு. அவ முன்னால போய் நிக்கணும்.”

“போங்க.”

“வேட்டி?”

“கொடியில கெடக்கட்டும். அது ஒண்ணும் சோறு கேக்காது.”

கொம்பையா விழுந்து கும்பிட்டார். வாசல் மூங்கில் படலைத் திறந்து வெளியே கால் வைத்தவர் திரும்பிப் பார்த்தார். ஓலைக்கூரை, ஓடைச் சத்தம், சுளகோடு உட்கார்ந்திருந்த அம்மா. வாய் தன் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

“போயிட்டு வாரேன் தாயி.”

அம்மாவின் கையில் சுளகு நின்றது.

“என்னையும் கொக்குத் துப்பாக்கியாலதான் சுடணுமா, அண்ணாச்சி?”