ஆடியில வந்த பூசணம்

செல்லத்தாய்க்கு வாய் நீளம். ஊர்ல சண்ட போட ஆள் மிச்சமில்லாமத்தான் மடத்துல வந்து சிஷ்யையா சேந்துட்டாள்னு கேலி பண்ணுவாங்க. அவளோட குரு சின்னச்சாமி, அவளவிட இருவது வயசு இளையவரு. அவ அவர ‘சாமி’ம்பா. அவரு அவள ‘அக்கா’ம்பாரு.

சாமிக்கு நெஞ்சுல நோவு. பெரியாஸ்பத்திரி டாக்டர் கைய விரிச்சிட்டாரு. வெந்நியில குளிங்கன்னு மட்டும் சொல்லி அனுப்பி வெச்சாரு.

இப்ப செல்லத்தாய்க்கு ஒரே எதிரி, மடத்து பாத்ரூம் செவுருதான். மூலையெல்லாம் கருப்பா பூசணம். பிளீச்சிங் பவுடரப் போட்டு கம்பி பிரஷ்ஷால தேப்பா. செவுரு பளிச்சுன்னு ஆகும். ஒரு வாரம் தாங்காது, திரும்ப வந்து நிக்கும். சுண்ணாம்பு அடிச்சுப் பாத்தா. அதுக்கு மேலயே பூத்துச்சு. குளிச்சிட்டு வர்ற சாமிக்கு நாளுக்கு நாள் இருமல் ஏறிக்கிட்டே போச்சு.

ஒருநாள் பிரஷ்ஷத் தூக்கி வாளியில எறிஞ்சிட்டு அவர் முன்னால வந்து நின்னா.

“ஊருக்கெல்லாம் வழி சொல்றீங்கல்ல? இந்தப் பாழாப்போன பூசணத்துக்கு ஒரு வழி சொல்லுங்க பாப்போம்.”

“என்னக்கா செஞ்ச?”

“என்ன செய்யல? தேச்சுத் தேச்சு என் கைரேகையே போச்சு. இனி எந்த ஜோசியக்காரனும் எனக்குப் பலன் சொல்ல முடியாது.”

சாமி சிரிச்சாரு. சிரிப்பு இருமலாயிடுச்சு. அடங்கினதும் கேட்டாரு.

“எப்ப இருந்துக்கா வருது?”

“ஆடியில இருந்து.”

“அதுக்கு முன்னால?”

“இல்ல.”

“ஆடியில என்ன நடந்துச்சு?”

அவ வேற பக்கம் பாத்தா.

ஆடியிலதான் சாமி ஆள் வெச்சு, பாத்ரூமுக்குப் பின்னால இலுப்ப மரத்தடியில தன்னோட சமாதிக் குழியத் தோண்ட வெச்சாரு. தன் எடத்தக் குரு தானே பாத்து வெக்கணும்ங்கிறது அந்த மடத்து வழக்கம். “மூத்தவ நான் கல்லாட்டம் இருக்கேன், இவருக்கு என்னய்யா அவசரம்?”னு அவ போட்ட கூச்சல்ல, மம்பட்டியப் போட்டுட்டு ஓடப் பாத்தாங்க வேலையாளுங்க. ஆனா குழி வெட்டி முடிஞ்சிடுச்சு. மறுநாளே பாத்ரூம் ஜன்னல்ல ஒரு பலகைய வெச்சு ஆணி அடிச்சிட்டா.

சாமி மெதுவா எந்திரிச்சு பாத்ரூமுக்குள்ள போனாரு. பின்னாலயே அவளும் போனா. செவுத்துல உள்ளங்கைய வெச்சு எடுத்து, அத அவ கன்னத்துல வெச்சாரு. சில்லுன்னு ஈரம்.

“நீ தினமும் காய்ச்சுற வெந்நியோட ஆவிக்கா. வெளிய போக வழியில்ல. உள்ளயே நிக்குது.”

“காத்து அடிச்சா உங்களுக்கு ஆகாதுன்னு அடைச்சேன்.”

“அக்கா.”

“இல்ல சாமி, குளிர்காத்து...”

“அக்கா.”

அவ பலகையப் பாத்துக்கிட்டே சொன்னா.

“தினமும் வாளியத் தூக்கிட்டு இங்க வர்றவ நான். ஜன்னல் வழியா அது தெரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. என்னால முடியல.”

அவரு தலையாட்டினாரு.

“பலகதான் காரணம்னு உங்களுக்கு எப்ப தெரியும்?”

“நீ ஆணி அடிச்ச அன்னைக்கே.”

“அன்னைக்கேவா?” அவ கத்தினா. “அப்ப வாயில என்ன கொழுக்கட்டையா? இத்தன நாளும் இந்த நஞ்சுக்குள்ள நின்னு இருமித் தொலைச்சீங்களே! ஏன் சொல்லல?”

“ஒனக்குக் கொஞ்ச நாள் வேண்டியிருந்துச்சுக்கா.”

சாமி மூலையில கெடந்த சுத்தியல எடுத்து நீட்டினாரு.

ஆணி துருப்பிடிச்சுக் கெடந்துச்சு. ஒவ்வொண்ணும் கிறீச்சிட்டுக்கிட்டே வந்துச்சு. பலக விழுந்ததும் காத்து உள்ள பூந்துச்சு. கூடவே வெளிச்சமும். இலுப்ப மரம். அதுக்குக் கீழ குழி. பாதி வரைக்கும் சருகு.

அவ சுத்தியலக் கீழ வெச்சா.

“குழி தெரியுது சாமி.”

“அது அங்கதான்க்கா இருக்கும். செவுரு காயட்டும்.”