ஆட்காட்டி மறைத்த முகவரி

அல்லிக்குளத்துக் கரையில் ஓர் ஆட்காட்டிக் குருவி இருந்தது. தூரத்தில் புலி தலை நீட்டினாலே போதும், முதலில் கத்துவது அதுதான். அதனால் குளத்து ஜீவன்கள் எல்லாம் அதை ‘அக்கா’ என்றுதான் கூப்பிடும்.

ஒரு கோடையில் குளம் வற்றத் தொடங்கியது. வெயில் மட்டும் காரணமில்லை. மேலே ஓடையில் நாற்பது காட்டுப்பன்றிகள் மண்ணைக் குவித்து அணை போட்டு, சேற்றில் சுகமாகப் புரண்டுகொண்டிருந்தன. ஒரு சொட்டுத் தண்ணீர் கீழே வரவில்லை.

அந்தக் காட்டில் தண்ணீர் வழக்கைத் தீர்ப்பது யானைக் கூட்டத்தின் தலைவி. வருஷத்துக்கு ஒரு தடவை அந்தப் பக்கம் வருவாள். “இந்தத் தண்ணீர் யாருக்கு வேண்டும்?” என்று கேட்பாள். நேரில் வந்து நிற்கிறவர்களை எண்ணுவாள். கூடுதலாக நிற்கும் பக்கத்துக்கே தீர்ப்பு. வீட்டிலிருந்து ‘ஆமாம்’ சொல்வதெல்லாம் கணக்கில் சேராது.

யானைகள் வர இருபது நாள் இருந்தது. ஆட்காட்டி ஒரு வேலை தொடங்கியது. தினமும் விடிந்ததும் கரையில் நின்று சேதி சொன்னது. “இன்னிக்கு ஒரு முழம் தண்ணி குறைஞ்சிருக்கு! பன்றிங்க அணையை இன்னும் உசத்திட்டாங்க! யானைத் தலைவி வர்ற அன்னிக்கு எல்லாரும் வரணும்!”

முதல் நாள் கேட்டவை ஐந்தே ஐந்து. ஆனால் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். சேதி கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லிக் காட்ட வேண்டும். பிறகு பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். வரும்போது அந்த வீட்டுச் சேதி ஒன்றைக் கொண்டுவர வேண்டும். தவளை முயலிடம் சொல்லும். முயல் கௌதாரியிடம் சொல்லும். கௌதாரி ஆமையிடம் சொல்லும். ஆமை அடுத்தவரிடம் சொல்வதற்குள் மறுநாள் சேதி வந்துவிடும்! அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அந்தக் காலைகளை நினைத்தால் எனக்கு இன்றும் ஏக்கமாக இருக்கிறது. குளத்தில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது, கரையில் பேச்சு மட்டும் கூடிக்கொண்டே வந்தது. யார் வீட்டில் குஞ்சு பொரித்தது, யாருக்குக் காலில் முள் குத்தியது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். சண்டைகூட அழகாகத்தான் இருந்தது.

எட்டு நாளில் ஐந்து பேர் முப்பது பேர் ஆனார்கள். ஆட்காட்டிக்கு அது போதவில்லை. பன்றிகள் நாற்பதாயிற்றே!

அப்போதுதான் வாலப்பன் வந்தான். அவன் ஆலமரத்துக் குரங்குகளின் தலைவன்.

“என்ன அக்கா, தொண்டை கட்டிப்போச்சா?” என்றான் வாலப்பன். “நீ எங்க மரத்துல வந்து பேசு. ஒரு தடவை பேசினா போதும். எங்க பசங்க மரத்துக்கு மரம் தாவிக் காடு பூரா சொல்லிடுவாங்க. உனக்கு ஒரு செலவும் இல்ல!”

“அப்புறம் உங்களுக்கு என்ன லாபம்?” என்று தவளை இடையில் புகுந்து கேட்டது.

“தம்பிக்கு எப்பவும் சந்தேகம்தான்!” என்று சிரித்தான் வாலப்பன். “ஒண்ணும் வேணாம். கேக்கிறவங்க வீடு எங்க இருக்குன்னு மட்டும் சொல்லிடுங்க. சேதியை வாசல்ல கொண்டுபோய்க் கொடுக்கணும் இல்லையா?”

அதுவும் சரிதானே என்று ஆட்காட்டி நினைத்தது. தவளைக்கு அல்லிக்கிழங்குப் பாறையின் அடி. முயலுக்குக் காரைப் புதர், கிழக்குப் பக்க வாசல். இப்படி முப்பது வீடுகளையும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டது.

மறுநாளே ஆலமரத்தில் ஏறிப் பேசியது. அடேயப்பா! இருநூறு பேர் கேட்டார்கள் என்று குரங்குகள் வந்து சொல்லின. அன்றைக்கு ஆட்காட்டிக்குக் கால் தரையில் பாவவில்லை.

மூன்றாம் நாள் அது பேசி இறங்கியதும் அதே கிளையடியில் பன்றித் தலைவன் வந்து நின்றது. “குளம் நாறுறதே தவளைங்களாலதான்! அதுங்களைக் குஞ்சிலேயே மிதிச்சு நசுக்கணும்!” என்று உறுமியது. குரங்குகள் அதையும் மரத்துக்கு மரம் கொண்டுபோயின. ஒரு எழுத்தைக்கூடக் குறைக்கவில்லை.

தவளை ஓடிவந்தது. “அக்கா, கேட்டியா? என் குஞ்சுங்களை நசுக்கச் சொல்றான்! அந்த மரத்துலயா நீ இன்னும் பேசப்போற?”

ஆட்காட்டி வாலப்பனிடம் கேட்டது. அவன் தோளைக் குலுக்கினான். “மரம் எல்லாருக்கும் பொது அக்கா. நாங்க பாரபட்சம் பாக்கிறதில்ல.” அப்போது அவன் வாயில் ஒரு கிழங்கு இருந்தது. பன்றிகள் தோண்டினாலொழியக் கிடைக்காத கிழங்கு அது. ஆட்காட்டி அதைப் பார்த்தது. பார்த்தும் பேசாமல் இருந்துவிட்டது.

“கொஞ்ச நாள் பொறுத்துக்கடா தம்பி!” என்று தவளையைச் சமாதானம் செய்தது. “இருநூறு பேரை விட்டுட்டு எப்படிடா வர்றது? யானைத் தலைவி வந்து தீர்ப்புச் சொன்னதும் இறங்கிடறேன்!”

தவளை விருட்டென்று திரும்பிப் போனது. மறுநாளிலிருந்து அது சேதி கேட்க வரவில்லை.

யானைகள் வர ஐந்து நாள் இருந்தபோது முயல் மூச்சு வாங்க வந்தது. அதன் காதில் ரத்தம்.

“அக்கா, பன்றிங்க வந்தாங்க! ‘யானைகிட்ட வரப்போறது நீதானே? வந்து பாரு!’ன்னு மிரட்டி என் புதரையே கிளறிட்டாங்க. நேரா கிழக்குப் பக்க வாசலுக்கே வந்தாங்க. அந்த வாசல் இருக்கிறது உன் ஒருத்திக்குத்தான் தெரியும்! தவளையோட பாறையையும் புரட்டிப் போட்டுட்டாங்க.”

“ஐயோ! குஞ்சுங்க?”

“முந்தின நாளே வேற இடத்துக்குக் கூட்டிட்டுப் போயிடுச்சு. உன்னை நம்பாததால பிழைச்சுது!”

முயல் போகவில்லை. அது மெதுவாகக் கேட்டது.

“அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். அந்த வாலப்பன்கிட்ட எல்லார் வீட்டையும் சொன்னியே, உன் முட்டை இருக்கிற இடத்தைச் சொன்னியா?”

ஆட்காட்டி தலையைக் குனிந்துகொண்டது. அதன் முட்டை இருக்கும் இடம் இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது. ஆட்காட்டியின் குலவழக்கம் அது. முட்டை கிழக்கே இருந்தால் மேற்கே போய் நின்று கத்தும். வருகிறவனை வேறு பக்கம் இழுத்துவிடும். வாலப்பனிடம் பேசும்போதும் அது வாய் தவறவில்லை. தன் வீட்டை மறைக்கத் தெரிந்தது, முப்பது வீட்டை மறைக்கத் தோன்றவில்லை. இதைவிட வெட்கம் வேறென்ன?

நேராக ஆலமரத்துக்குப் பறந்தது. “நான் சொன்ன வீடுங்களை எல்லாம் மறந்துடுங்க! இனிமே இந்த மரத்துல பேச மாட்டேன்!”

“தாராளமா இறங்கிக்கோ,” என்றான் வாலப்பன். “ஆனா சொன்னது சொன்னதுதான். எங்க காதுல விழுந்தது எங்களோடது. உன் இருநூறு பேரும் எங்களோடவே இருப்பாங்க!”

ஆட்காட்டி இறங்கியது. அடுத்த நாலு நாளும் கால் கடுக்க நடந்தது. ஒவ்வொரு வாசலிலும் நின்று, “என் தப்புதான். மன்னிச்சுடுங்க. வேற இடம் மாறிடுங்க. எங்கேன்னு எனக்குச் சொல்ல வேண்டாம். பக்கத்துல இருக்கிற ஒருத்தருக்குத் தெரிஞ்சா போதும்,” என்றது. சிலர் திட்டினார்கள். கௌதாரி முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆனாலும் பழையபடி சேதி ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போகத் தொடங்கியது.

கடைசியாகத் தவளையையும் முயலையும் பரல்மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனது. கூழாங்கற்களுக்கு நடுவே கல்லைப் போலவே நாலு முட்டைகள்.

“இதான் என் வீடு,” என்றது ஆட்காட்டி. “உங்க வீடு எல்லாம் எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு, என் வீடு மட்டும் உங்களுக்குத் தெரியாம இருக்கக் கூடாது.”

தவளை முட்டைகளைப் பார்த்தது. முயலோடு திரும்பிப் போய்விட்டது.

யானைகள் வந்த காலை. ஓடைக்கு அந்தப் பக்கம் நாற்பது பன்றிகள் வரிசையாக நின்றன. இந்தப் பக்கம் குளத்து ஜீவன்கள். இருநூறு பேர் என்று வாலப்பன் சொன்னானே, அவர்கள் எங்கே? ஆலமரத்துக் கிளைகளில் வசதியாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள்! ஒருவர்கூட இறங்கவில்லை.

“தண்ணீர் வேணும்கிறவங்க முன்னால வந்து நில்லுங்க!” என்றாள் தலைவி. எண்ணினாள். முப்பத்தெட்டு. கௌதாரி முணுமுணுத்துக்கொண்டே வந்து சேர்ந்தது. முப்பத்தொன்பது. நேற்றே கிளம்பிய ஆமை அப்போதுதான் வந்தது. நாற்பது.

ஆட்காட்டி வரிசையைத் திரும்பத் திரும்பப் பார்த்தது. தவளையும் இல்லை. முயலும் இல்லை. ‘அவங்க வரமாட்டாங்க. நான் செஞ்சதுக்கு எப்படி வருவாங்க?’ என்று நினைத்தபோது அதற்கு அழுகை வந்துவிட்டது.

“ரெண்டு பக்கமும் சமம்,” என்றாள் தலைவி. “சமம்னா இருக்கிறது இருந்தபடியே இருக்கட்டும். அணை அப்படியே இருக்கும்!”

பன்றிகள் கூத்தாடின. தலைவி திரும்பினாள். வந்த வழியே போகாமல் பரல்மேட்டுப் பக்கம் காலை வைத்தாள். ஆட்காட்டிக்கு உயிரே போய்விட்டது. பழக்க தோஷத்தில் எதிர்ப்பக்கம் பறந்து போய்க் கத்தியது. யானை எங்கே அதைப் பார்த்தது? நடந்துகொண்டே இருந்தது.

திடீரென்று நின்றது.

கூழாங்கற்களுக்கு நடுவே, அந்தப் பெரிய காலுக்கு முன்னால், தவளையும் முயலும் நின்றுகொண்டிருந்தன.

“யார் நீங்க? வரிசைக்கு ஏன் வரல?” என்று கேட்டாள் தலைவி.

“அம்மா, இது எங்க அக்கா வீடு!” என்றது தவளை. “அக்கா அங்க வரிசையில நிக்குது. நீங்க எந்தப் பக்கம் திரும்புவீங்கன்னு யாருக்குத் தெரியும்? அதான் நாங்க இங்க நின்னோம்!”

தலைவி குனிந்து முட்டைகளைப் பார்த்தாள். காலைப் பின்னால் எடுத்து வைத்தாள்.

“சரி. உங்களுக்குத் தண்ணீர் வேணுமா?”

“வேணும் அம்மா!” இரண்டும் ஒரே குரலில் கத்தின.

“அப்போ நாற்பத்திரண்டு,” என்றாள் தலைவி. முட்டைகளைச் சுற்றிக்கொண்டு ஓடைக்குப் போனாள். ஒரே உதையில் அணை உடைந்தது.

மாலைக்குள் அல்லிக்குளத்தில் தண்ணீர் சலசலத்தது. பத்து நாள் கழித்து நாலு குஞ்சுகள் பரல்மேட்டிலிருந்து குடுகுடுவென்று ஓடிவந்தன. அவற்றுக்கு முதல் முதலில் சேதி சொன்னது தவளைதான். குஞ்சுகள் அதைத் தப்பும் தவறுமாகத் திருப்பிச் சொல்ல, கரையே சிரித்தது. அப்படி ஒரு சிரிப்பைப் பிறகு நான் எந்தக் கரையிலும் கேட்கவில்லை.

நம்மை நம்பி வருகிறவர்களின் வீட்டை நம் வீட்டைப் போலக் காப்பாற்றத் தெரிந்தவர்தான் நாலு பேரைத் திரட்டத் தகுதி உள்ளவர்.