டீசல் விலையும் ஒரு சட்டிக் கூழும்

ஜீப் ஓட்டுகிற செங்கோடன் மலைமேல் இருந்த கூழ் மடத்துக்கு வந்தபோது சாயங்காலமாகிவிட்டது. மடத்தை நடத்திவந்த வடிவம்மாவின் சீடர் அவர். குருவைவிடச் சீடருக்கு வயது கூடுதல். ஊரார் இதைச் சொல்லிக் கிண்டலடிப்பார்கள், அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை. அன்றைக்குக் கிண்டலடிக்கக்கூட யாருக்கும் தெம்பில்லை.

கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். ஜீப்பை நிறுத்திச் சில நாளாகியும் கம்பளியில் டீசல் வாடை போகவில்லை.

"முடியலைங்கம்மா. வண்டிய நிறுத்திட்டேன்."

"ஏன்?"

"டீசல் விக்கிற வெலைக்கு எப்படிங்க ஓட்டறது? கடைக்காரரைக் கேட்டா பங்க்கைக் கை காட்டறார். பங்க்குல கேட்டா கம்பெனிங்கறாங்க. டிவியப் பார்த்தா எங்கியோ கடல்ல சண்டையாம், கப்பலை மறிச்சுட்டாங்களாம். அந்தக் கடலை நான் கண்ணால பார்த்ததுகூட இல்லைங்க. யாருதான் வெலைய ஏத்தறது?"

மலையில் பங்க் கிடையாது. அடிவாரத்திலிருந்து கேனில் வருவதைக் கடையில் வாங்கித்தான் ஜீப்புகள் ஓடும். கப்பல் செய்தி வந்த மறுநாளே கடையில் டீசல் காலி. அப்புறம் வந்த கொஞ்சநஞ்சமும் யானை விலை.

"பழனியாயி உங்களைப் பார்க்க வந்தாங்களா?" என்று கேட்டார் வடிவம்மா.

செங்கோடனுக்குச் சுருக்கென்றது. பழனியாயியின் புருஷனுக்குக் காலில் சர்க்கரைப் புண். விடிந்ததும் அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார்.

"வந்துச்சுங்க. டீசல் இல்லைன்னு சொல்லிட்டேன்."

வடிவம்மா அகப்பையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"இன்னைக்கு நீங்க ஊத்துங்கண்ணே."

அந்த மடத்தில் கூழுக்கு அளவு கிடையாது. கேட்கிறவர்களுக்குக் கேட்கிற மட்டும் ஊற்ற வேண்டும், ஏன் எதற்கு என்று கேட்கக்கூடாது. அப்படி ஊற்றியும் தினமும் கடைசி ஆள் வரைக்கும் கூழ் வந்துகொண்டுதான் இருந்தது.

காப்பித் தோட்டத்து ஆட்கள் வரிசையில் நின்றார்கள். முதலில் நின்றவரிடம் வடிவம்மா மெதுவாகச் சொன்னார்.

"ஜீப்பெல்லாம் நின்னுபோச்சு. நாளைக்குக் கேழ்வரகு மேல வருமான்னு தெரியலை."

அதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் பேச்சு வரிசையின் வாலுக்குப் போய்ச் சேர்வதற்குள் கேழ்வரகே விளையவில்லை என்றாகிவிட்டது.

முதல் ஆள் இன்னொரு அகப்பை கேட்டார். அடுத்தவர் தூக்குப்போசியை நீட்டினார். ஒருத்தர் வீட்டுக்கு ஓடிப்போய்க் குடத்தையே தூக்கிக்கொண்டு வந்தார். செங்கோடன் பல்லைக் கடித்துக்கொண்டு ஊற்றினார்.

வரிசையின் கடைசியில் பழனியாயி நின்றாள். புருஷனைப் படுக்க வைத்துவிட்டு வரத் தாமதமாகியிருந்தது. கையில் இரண்டு கிண்ணம், தனக்கும் அவருக்கும்.

அகப்பை வெறும் சட்டியை உரசியது.

"பரவாயில்லைங்கண்ணா," என்று கிண்ணங்களை முந்தானையில் மறைத்துக்கொண்டு போனாள். காலையில் டீசல் இல்லை என்றபோதும் இதைத்தான் சொல்லியிருந்தாள்.

செங்கோடன் அகப்பையைச் சட்டிக்குள் வீசினார்.

"நேத்துக் காய்ச்சின அதே அளவு கூழுதானேம்மா! பசிக்கா வாங்கினாங்க? அத்தனையும் போசியில கெடக்குது. இவங்கெல்லாம் மனுசங்களா?"

"திட்டாதீங்கண்ணே. பயந்துட்டாங்க."

"சட்டி நெறையக் கூழு இருக்கையில என்னங்க பயம்?"

வடிவம்மா அவர் தோளிலிருந்து நழுவிய கம்பளியின் நுனியை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"கேனையெல்லாம் எங்க வச்சிருக்கீங்க?"

செங்கோடன் காலியான சட்டியைப் பார்த்தார்.

"கட்டிலுக்கு அடியிலங்க. நாளைக்கு இன்னும் ஏறும்னு எல்லாரும் சொன்னாங்க..."

"கடல்ல நடக்கிற சண்டை," என்றார் வடிவம்மா, "உங்க கட்டில் வரைக்கும் வந்திருச்சாண்ணே?"