சவரிமுத்துவின் ஸ்பீடு டெஸ்ட்

"டீச்சர், இன்னைக்கு இன்னும் குறைஞ்சிருச்சு."

சவரிமுத்து கம்ப்யூட்டரையே தூக்கிக்கொண்டு மாடியேறி வந்திருந்தார்.

திண்டுக்கல்லில் கல்யாண வீடியோ எடுக்கிறவர். டேப் காலம் முடிந்தபோது, தன்னைவிட வயதில் சின்னவரான மெஹருன்னிசாவிடம் வந்து உட்கார்ந்து எடிட்டிங் கற்றுக்கொண்டவர். அன்றிலிருந்து அவருக்கு மெஹருன்னிசா டீச்சர். டீச்சருக்கு அவர் அண்ணன்.

"என்னண்ணே குறைஞ்சது?"

"வீடியோவெல்லாம் சேத்து வைக்கிற எஸ்.எஸ்.டி.யோட வேகம். வாங்கின புதுசுல பிச்சுக்கிட்டுப் போச்சு. இப்போ ஒரு வீடியோவை ஏத்துறதுக்குள்ள உயிர் போகுது. ஆயுசும் குறையுதுன்னு காட்டுது. செத்துருமோன்னு பயமா இருக்கு டீச்சர்."

"எப்போ பாத்தீங்க?"

"காலையில எந்திரிச்சதும் டெஸ்ட் ஓட்டினேன். கிளம்பும்போதும் ஓட்டினேன்."

"நேத்து?"

"நேத்தும்தான்."

மனுஷன் பல் தேய்க்க மறந்தாலும் மறப்பார், டெஸ்ட் ஓட்ட மறக்க மாட்டார்.

"அந்த டெஸ்ட் என்ன பண்ணுதுன்னு தெரியுமாண்ணே? பெரிய ஃபைலை எழுதிப் பாக்குது, படிச்சுப் பாக்குது, அழிச்சிடுது. எழுத எழுத இது தேயும். வேகம் இருக்கா இருக்கான்னு பாத்துப் பாத்தே தேய்ச்சிருக்கீங்க."

சவரிமுத்துவுக்கு முகம் தொங்கிப்போனது.

டீச்சர் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தார். மூச்சுவிட இடமில்லாமல் அடைந்து கிடந்தது. அத்தனையும் பழைய கல்யாணங்கள். வெட்டாமல் ஒட்டாமல், கேமராவில் இருந்து இறக்கியது இறக்கியபடி.

"கொஞ்சம் காலி இடம் இருந்தாத்தான் இது ஓடும். பழசை அழிங்க."

"முடியாது."

"கல்யாண வீட்டுக்காரங்க திரும்ப வந்து கேப்பாங்களா?"

"கேக்க மாட்டாங்க."

"அப்புறம் என்ன?"

சவரிமுத்து மறுபடியும் முடியாது என்று தலையை ஆட்டினார். இந்தப் பிடிவாதத்துக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது!

டீச்சர் கம்ப்யூட்டரை அணைத்தார். மூடியைக் கழற்றினார். எஸ்.எஸ்.டி.யை உருவி எடுத்து மேஜை டிராயருக்குள் போட்டு மூடினார்.

"செத்துப்போச்சு. இப்போ சொல்லுங்க, எந்தக் கல்யாணத்துக்காக அழுவீங்க?"

"ஐயோ டீச்சர், கல்யாணம் கெடக்குது கழுதை! பிலோமினா அதுக்குள்ள இருக்கா."

பிலோமினா அவர் மனைவி. போன தவக்காலத்தில் தவறிப்போனவர். கல்யாணங்களில் சவரிமுத்துவுக்கு லைட் பிடித்தது அந்த அம்மாதான். கேமராவுக்குப் பக்கத்தில் நின்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பார். சவரிமுத்து திட்டுவார். எடிட்டிங்கில் அந்தப் பேச்சையெல்லாம் வெட்டிப் போட்டுவிட்டு, மேலே பாட்டை வைத்து மூடிவிடுவார்.

"போட்டோ இருக்கு டீச்சர். குரல் வேற எங்கேயும் இல்ல. இந்த வெட்டாத வீடியோவுல மட்டும்தான் இருக்கு."

"எந்த வீடியோவுல?"

"யாருக்குத் தெரியும்?"

"ஒருநாளும் போட்டுக் கேட்டதில்லையா?"

"இல்ல."

"ஏண்ணே?"

"பயம். அதைக் கேட்டுட்டு எப்படி எந்திரிச்சுப் போய் சோறு பொங்கித் திங்கிறது? அதான் டெஸ்டை மட்டும் ஓட்டிப் பாத்துக்குவேன். பத்திரமா இருக்குன்னு ஒரு நிம்மதி."

டீச்சருக்கும் மனசு கேட்கவில்லை.

பிறகு டிராயரைத் திறந்தார். எஸ்.எஸ்.டி.யைத் திரும்ப மாட்டி, தன்னிடம் இருந்த காலி ஹார்ட் டிஸ்க்கில் எல்லாவற்றையும் காப்பி போட்டார். அது நகர்ந்தது, நகர்ந்தது, சாயங்காலம் வரை நகர்ந்துகொண்டே இருந்தது. சவரிமுத்து நகத்தைக் கடித்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"இனிமே இது செத்தாலும் அவங்க போக மாட்டாங்க. கேளுங்க."

"வேகத்தைச் சரிபண்ணிக் கொடுங்க டீச்சர். அப்புறமா நிதானமா உக்காந்து கேக்குறேன்."

"மதினி என்ன வேகத்துல பேசுவாங்க?"

"அவளா? இழுத்து இழுத்துத்தான் பேசுவா."

"அந்த வேகம் இதுல இருக்குண்ணே."

ஹெட்போனை அவர் தலையில் மாட்டிவிட்டு, கைக்கு வந்த ஒரு கல்யாணத்தை டீச்சர் ஓடவிட்டார்.

சவரிமுத்து குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று நிமிர்ந்தார். சிரித்தார். சிரிக்கும்போதே அழுதார்.

"என்ன சொல்றாங்க?"

"'பொண்ணோட அம்மா அழுறாங்க, அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பாதீங்க'ங்கிறா. அப்பவும் திருப்பித்தான் எடுத்திருக்கேன், மடப்பய."

மழைக்காலம் ஆரம்பித்த பிறகு ஒருநாள், டீச்சர் அவரைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தார்.

"இப்போ வேகம் என்ன காட்டுதுண்ணே?"

"இன்னும் பாதிகூடக் கேட்டு முடிக்கல டீச்சர்."