விரல் பட்ட கண்ணாடி

"டீச்சர், என் படத்த எப்ப மாட்டப் போறீங்க?" என்று கேட்டார் சீடர்.

எஸ்தர் டீச்சர் பழைய நாளிதழ் ஒன்றைக் கிழித்து, கசக்கி, அவர் கையில் கொடுத்தார்.

"கண்ணாடி தொடைக்கலியா சார்?"

சீடர் துடைக்கப் போனார்.

இந்தச் சீடருக்கு வயது ஐம்பத்தாறு. பெயர் கோதண்டம். ஆசிரியருக்கு நாற்பதைத் தாண்டியிருக்காது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவர் என்பதால் ஊரே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும். ஒரு நாள் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, கேமராவைத் தூக்கிக்கொண்டு மலையேறப் போய்விட்டார்.

மலைக்கு அடியில் சின்ன ஊர் அது. கடைத்தெரு முடிகிற இடத்தில் ஒரு பழைய ஏலக்காய்க் கிட்டங்கி. அதன் மாடியில்தான் டீச்சரின் படக்கூடம். மூட்டைகள் போய் வெகு காலமாகியும் ஏலக்காய் வாசம் போகவில்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு யார் வேண்டுமானாலும் மேலே போய்ப் பார்க்கலாம்.

நானும் போயிருக்கிறேன். கீழே இறங்க மனமில்லாமல் நின்றிருக்கிறேன்.

படங்கள் எல்லாமே கூனமலை. ஊருக்கு மேற்கே முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருக்கிறதே, அதே மலை. ஊர் சனம் தினமும் பல் துலக்கிக்கொண்டே பார்க்கிற மலை. அதை இப்படியும் பார்க்கலாம் என்று இந்த அம்மாளுக்கு எப்படித்தான் தோன்றியதோ!

ஒரு படத்தில் மலையின் பாதியில் மழை கொட்டுகிறது, மறுபாதியில் வெயில். கீழே வயல்கள் யார் பக்கம் சாய்வது என்று தெரியாமல் கிடக்கின்றன. இன்னொன்றில் தீயில் கருகிய சரிவு. கரிக்குள்ளிருந்து புல் பச்சையாக எட்டிப் பார்க்கிறது. வேறொன்றில் புல்மேட்டின் நடுவே வகிடு எடுத்த மாதிரி ஓர் ஒற்றையடிப் பாதை.

வாசலுக்கு எதிர்ச்சுவரில் பெரிய படம். அடிவாரத்திலிருந்து உச்சி வரைக்கும் வளைந்து வளைந்து ஏறுகிற மலைரோடு. மழை விட்ட மாலை நேரம், ஈரத் தார் மின்னுகிறது. அதன் முன்னால் நின்றபோது, பஸ்ஸில் மேலே போனால் அடைப்பது போலவே எனக்குக் காது அடைத்தது. சத்தியமாகச் சொல்கிறேன்.

கோதண்டத்துக்கும் அப்படித்தான் ஆகியிருக்க வேண்டும். மதுரையில் வங்கி வேலையில் இருந்தவர், ஒரு விடுமுறைக்கு வந்த இடத்தில் பார்த்தார். பார்த்த ஜோரில் ஓய்வு வாங்கிக்கொண்டார். கேமரா வாங்கினார். அந்த ஊரிலேயே அறை எடுத்தார். ஐப்பசி மழையில் நனைந்தபடி வந்து டீச்சரிடம் சீடராகச் சேர்ந்தார். எல்லாம் முடிந்த பிறகுதான் மனைவி மங்கையர்க்கரசியிடம் விஷயத்தைச் சொன்னார்.

அந்த அம்மாள் சண்டை போடவில்லை. கெடு வைத்தார்.

"பங்குனிக்குள்ள உங்க படம் அந்தச் செவுத்துல ஏறணும். ஏறலன்னா கேமராவ வித்துட்டுப் பேசாம வீட்டுக்கு வந்துரணும்."

"சரி" என்று தலையாட்டிவிட்டு வந்தவர்தான். இப்போது மாசி பிறந்துவிட்டது.

படம் என்னவோ தயாராகத்தான் இருந்தது. விடியற்காலையில் உச்சிப்பாறையில் குளிரில் பல் கிட்டிக்கப் பல நாள் காத்துக் கிடந்து எடுத்தது. கீழே உலகமே மேகத்தில் மூழ்கியிருக்க, கூனமலையின் முதுகு மட்டும் பொன்னாக வெளியே நிற்கும். நான் பார்த்தேன். குறை சொல்ல எதுவுமில்லை.

"மேகம் கலையிறதுக்குள்ள எடுத்துரணும் டீச்சர்" என்பார் கோதண்டம். "கலைஞ்சிட்டா கீழ வீடும் ரோடுமாத் தெரியும். நான் அப்பவே பெட்டியக் கட்டிருவேன்."

"நல்ல படம் சார்" என்பார் டீச்சர்.

"இதுல என்ன கொறை, சொல்லுங்க."

"கொறையே இல்ல சார்."

"அப்புறம் ஏன் மாட்ட மாட்டேங்கிறீங்க?"

டீச்சர் இன்னொரு நாளிதழை எடுத்துக் கசக்குவார்.

அவர் சுபாவமே அப்படி. எந்த லென்ஸில் எடுத்தீர்கள் என்று வெளியூர் ஆள் ஒருவர் கேட்டதற்கு, "மொதப் பஸ்ஸுக்குப் போங்க, ஜன்னலோரமா எடம் கெடைக்கும்" என்றார்.

கண்ணாடி துடைக்கிற வேலை லேசானதல்ல. படம் பார்க்க வருகிறவர்கள் கண்ணால் பார்த்துவிட்டுப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வருகிற சனம் அப்படியே மாடிக்கும் ஏறும். ஏறின உடனே விரலை நீட்டும்.

"ஏ, இந்தா தெரியுது பாரு நம்ம பம்புசெட்டு!"

"எங்கய்யாவ மாடு முட்டுன எடம் இதுதான்."

"இதுல எறங்கி நேராப் போனா எங்க சித்தி வீடு."

ஒவ்வொரு பேச்சுக்கும் கண்ணாடியில் ஒரு விரல் பதியும். பஜ்ஜி தின்ற விரல், விபூதி விரல், வெற்றிலைச் சுண்ணாம்பு விரல். பெரிய படத்தில் அடிவாரத்திலிருந்து உச்சி வரை ரோடு முழுக்க எண்ணெய்.

கோதண்டம் மூக்கால் அழுதுகொண்டே துடைப்பார்.

"இவங்களுக்குப் படம்னா என்னன்னே தெரியல டீச்சர். ஒளி எங்க விழுது, நெழல் எங்க நிக்குது, ஒருத்தராச்சும் பாக்குறாங்களா? பம்புசெட்டத் தேடுறாங்க!"

"ஆமா சார், தேடுறாங்க" என்றார் டீச்சர்.

"கயிறு கட்டிரலாமா? ஒரு போர்டும் வச்சிரலாம்."

"கட்டுங்களேன்."

இவ்வளவு சுலபத்தில் சம்மதம் கிடைக்கும் என்று அவர் நினைக்கவில்லை. அன்றைக்கே கடைத்தெருவுக்குப் போய் நீல நைலான் கயிறு வாங்கிவந்து, சுவர்களைச் சுற்றி இடுப்பு உயரத்துக்குக் கட்டினார். 'கண்ணாடியைத் தொடாதீர்கள்' என்று தன் கையாலேயே எழுதித் தொங்கவிட்டார். வங்கியில் பழகிய கையெழுத்து, முத்து முத்தாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சனம் வந்தது. கயிற்றைப் பார்த்தது. போர்டை வாய்விட்டு வாசித்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரிக்கு ஆள் பார்க்க வந்த மாதிரி மெதுவாக நடந்து, "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனது. கூடத்தில் மின்விசிறிச் சத்தம் தனியாகக் கேட்டது.

சாயங்காலம் நாளிதழுக்கு வேலையே இல்லை.

"பாருங்க டீச்சர், ஒரு விரல் இல்ல!"

டீச்சர் ஒவ்வொரு படமாகப் போய் நின்று பார்த்தார். அவர் முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"சுத்தமா இருக்கு சார். உங்க படத்த எடுத்துட்டு வாங்க, மாட்டிருவோம்."

கோதண்டத்தால் தன் காதை நம்ப முடியவில்லை.

"நெசமாவா டீச்சர்?"

"கயிறு கட்டியாச்சுல்ல. இனிமே மாட்டலாம்."

அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்க அவருக்கு ஏது நேரம்? அறைக்கு ஓடினார். பெரிய படத்துக்குப் பக்கத்திலேயே ஆணி அடித்து மாட்டினார்கள். படம் ஆடி அடங்குவதற்குள் மனைவிக்கு போன் போட்டுவிட்டார்.

"மங்கை, ஏறிருச்சு! பங்குனிக்கு முன்னாடியே ஏறிருச்சு!"

"அப்படியா?" என்றார் மங்கையர்க்கரசி. "ஞாயித்துக்கெழம வந்து பாக்குறேன்."

அந்த வாரம் முழுக்க கோதண்டம் தன் படத்துக்குப் பக்கத்திலேயே நின்றார். வந்தவர்கள் எல்லோரும் நல்லாருக்கு என்றார்கள். பெரிய படத்தையும் நல்லாருக்கு என்றார்கள், கருகிய சரிவையும் நல்லாருக்கு என்றார்கள். எல்லாம் ஒரே குரலில்.

"என்ன சார், பொழுது போகலியா?" என்று கேட்டார் டீச்சர்.

"அதெல்லாம் போகுது டீச்சர்" என்றார் கோதண்டம். ஆனால் கொட்டாவி வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கே போய் மனைவியை அழைத்துவந்தார். மாடியில் சந்தை சனம் கைகட்டி வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தது. மனைவியைத் தன் படத்தின் முன்னால் நிறுத்தினார்.

மங்கையர்க்கரசி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார்.

"நல்லாருக்குங்க. காலண்டர்ல வர்ற மாதிரியே இருக்கு."

மனசாரச் சொன்ன பாராட்டுதான். கோதண்டத்துக்கு ஏனோ சுருக்கென்றது.

அவர் வாயெடுப்பதற்குள் மங்கையர்க்கரசி பக்கத்திலிருந்த பெரிய படத்துக்கு நகர்ந்துவிட்டார். நகர்ந்தவர் நின்றார். கயிற்றுக்கு மேலே கழுத்தை நீட்டினார். பிறகு கயிற்றைத் தூக்கி, தலையைக் குனிந்து, உள்ளே போய்விட்டார்.

"மங்கை, கயிறு! போர்டப் பாரு!"

"இருங்க."

அவர் விரல் கண்ணாடியின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு வளைவு, அடுத்த வளைவு, அதற்கு மேல் இன்னொன்று.

"ஏங்க, இந்தப் பாலத்தப் பாருங்க. கல்யாணம் முடிஞ்சு எங்க மாமா எஸ்டேட்டுக்கு விருந்துக்குப் போனமே, பஸ்ஸு நின்னுபோச்சே, இங்கதாங்க."

கோதண்டம் சுற்றுமுற்றும் பார்த்தார். சனமெல்லாம் அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"மதுரையில ஏறுனதுலருந்து இங்க வர்ற வரைக்கும் நீங்க வாயே தெறக்கல. ஊமைக்குக் கட்டி வச்சுட்டாங்கன்னு எனக்கு அழுகையா வந்துச்சு. இந்தப் பாலத்துல வச்சுத்தான் 'தண்ணி வேணுமா?'ன்னு கேட்டீங்க. நீங்க எங்கிட்டப் பேசுன மொதப் பேச்சு அதான்."

"அது பாலத்துல இல்ல" என்றார் கோதண்டம்.

"பாலத்துலதான்."

"இல்ல மங்கை. பாலத்துல எல்லாரும் எறங்கி நின்னாங்க. அவங்க முன்னாடி பேச எனக்கு வெக்கமா இருந்துச்சு. அதத் தாண்டிக் கொஞ்சம் மேல, இந்தா..."

அவர் கயிற்றுக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தார். எப்போது குனிந்து நுழைந்தார் என்று அவருக்கே தெரியாது. அவர் விரல் கண்ணாடியில் அழுந்தியிருந்தது.

"இந்தப் பாறை. இதுல சாஞ்சு நின்னுக்கிட்டு இருந்த. ரோஸ் கலர் சேல. நான் கேட்டதுக்கு நீ தலையக்கூட ஆட்டல."

"பேச்சு வரலங்க" என்றார் மங்கையர்க்கரசி. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மழைக்காலத்திலிருந்து தினமும் துடைத்த படம். அந்த ரோட்டின் மேல் அவர் கை ஏறி இறங்காத நாளில்லை. ஈரத் தாரில் ஒளி விழுந்திருக்கும் அழகை எத்தனையோ தடவை வியந்திருக்கிறார். பாறையை இன்றுதான் பார்த்தார்.

பின்னாலிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது.

"அந்தப் பாறைக்கு மேல போனீங்கன்னா எங்கக்கா வீடு வரும்."

"எங்க?"

"தள்ளுங்க, காட்டுறேன்."

கயிறு தூக்கப்பட்டது. ஒருவர் நுழைந்தார், இருவர் நுழைந்தார்கள், பிறகு கயிறு என்று ஒன்று இருப்பதையே சனம் மறந்துபோனது. பம்புசெட் வந்தது, மாடு வந்தது, சித்தி வந்தாள். மின்விசிறிச் சத்தம் அமுங்கிப்போனது. டீச்சர் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

தலைப்பாகை கட்டிய ஒருவர் கோதண்டத்தின் படத்துக்கு முன்னால் வந்து நின்றார். விரலை நீட்டினார். கோதண்டம் கிட்டே போய் நின்றார்.

விரல் கண்ணாடிக்குப் பக்கத்தில் இங்கும் அங்கும் அலைந்தது.

"எங்க ஊரு இதுக்கு அடியில இருக்கணுமே" என்றார் அவர். இன்னும் கொஞ்ச நேரம் தேடினார். பிறகு, "நல்ல படம்ங்க" என்று மரியாதையாகச் சொல்லி, விரலை மடக்கிக்கொண்டு அடுத்த படத்துக்குப் போனார்.

சாயங்காலம் கூடம் காலியானது.

கோதண்டம் போர்டை எடுத்தார். கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினார். பிறகு தன் படத்தை ஆணியிலிருந்து இறக்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

மங்கையர்க்கரசி பதறிப்போனார்.

"ஏங்க, ஏறுனத எதுக்கு எறக்குறீங்க? நான் வச்ச கெடு என்னாகுறது?"

"மேகம் கலையிற வரைக்கும் இருந்து எடுத்துட்டு வர்றேன்."

"பங்குனிக்குள்ள முடியுமா?"

"முடியாது."

மங்கையர்க்கரசி கணவரை ஏற இறங்கப் பார்த்தார். பெரிய படத்தை ஒரு தடவை பார்த்தார். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"சித்திரையிலதான் வானம் தெளிவா இருக்கும்" என்றார். "இருந்து எடுத்துட்டே வாங்க."

கோதண்டம் நாளிதழைக் கசக்கிக்கொண்டு துடைக்கத் தொடங்கினார். அன்றைக்கு நிறைய வேலை இருந்தது. பம்புசெட்டைத் துடைத்தார். மாடு முட்டின இடத்தைத் துடைத்தார். சித்தி வீட்டைத் துடைத்தார். கடைசியில் பெரிய படத்துக்கு வந்தார்.

பாலத்தின் மேல் ஒரு விரல் தடம். அதைத் தாண்டி, பாறையின் மேல் ஒன்று.

கை அப்படியே நின்றுவிட்டது.

"டீச்சர், இத மட்டும் விட்டுரட்டுமா?"

எஸ்தர் டீச்சர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"அதையும் தொடைங்க சார். நாளைக்கு வர்றவங்களுக்கு எடம் வேணும்ல."