நான்காவது பூ

“இந்தத் துப்பாக்கியில நான் உளி வைக்க மாட்டேன்” என்றார் மாசிலாமணி.

உலகாத்தாள் நிமிர்ந்து பார்க்கவில்லை. கைத்துப்பாக்கியில் பூவேலை செய்வதற்கு அந்த ஜமீனில் அவளை விட்டால் ஆளில்லை. வயது முப்பத்தைந்து. அவளிடம் சீடராகச் சேர்ந்திருந்த மாசிலாமணிக்கோ ஐம்பது தாண்டிவிட்டது. அதற்கு முன் இருபது வருஷம் பாத்திரக்கடை வாசலில் உட்கார்ந்து குடத்திலும் குத்துவிளக்கிலும் பெயர் வெட்டியவர்.

“ஏன் அண்ணாச்சி?”

“குழல்ல ஒரு கொடி இருக்கு. கொடியில மூணு பூ. நாலாவது பூவை வெள்ளிக்கிழமைக்குள்ள வெட்டணும்னு காரியஸ்தர் சொல்லிட்டுப் போறாரு. ஒரு பூவுக்கு ஓர் ஆளாம். பூ வெட்டாம ஜமீன்தார் மனுஷனைச் சுட மாட்டாராம். குலவழக்கமாம்!”

காறித் துப்பினார்.

“நாலாவது ஆள் யாராம்?”

“ஜமீன் குளத்து மடையைத் திறந்துவிட்டானே, கிணறு வெட்டுற சுடலைக்கண்ணு. அவன்தான்.”

அவள் உளியை எடுத்துக் கல்லில் தீட்டினாள்.

“மூணு பூவும் உங்க கைவேலை. எதுக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“முதல் பூ வெட்டும்போது தெரியாது.”

“ரெண்டாவது?”

“சந்தேகம் இருந்துச்சு.”

“மூணாவது?”

“தெரியும்.”

மாசிலாமணிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. குருவாவது கத்தரிக்காயாவது!

“தெரிஞ்சுமா வெட்டினீய?”

“ஆமா. கை நல்லா வந்துக்கிட்டிருந்துச்சு. மூணுல அதுதான் நல்ல பூ.”

அவர் துப்பாக்கியைப் பிடுங்கினார்.

“நாலாவதை நானே வெட்டுதேன். குழல் பிளக்குற ஆழத்துக்கு வெட்டுதேன். அந்தப் பாவி கையிலேயே வெடிச்சுச் சாகட்டும்!”

“அப்போ அந்தப் பூ ஜமீன்தாருக்கு” என்றாள் உலகாத்தாள். “ஆக, ஓர் ஆளுக்கு ஒரு பூ வெட்டத்தான் போறீய.”

மாசிலாமணியின் கை நின்றது.

“வேற என்னத்தைச் செய்ய?” என்று கத்தினார். “நாம வெட்டாட்டா வெளியூர் ஆசாரிகிட்ட போவாங்க!”

“இருபது வருஷமா என்ன வேலை பார்த்தீய?”

“பேர் வெட்டினேன்.”

“அதை வெட்டுங்க.”

ஒவ்வொரு பூவுக்கும் கீழே, அந்தப் பூவுக்குச் செத்தவரின் பெயர். அவள் யோசிக்காமல் சொன்னாள். பனையேறி தாணுமாலயன். வண்டிக்கார மொட்டையன். மூன்றாவது, செல்லத்தாயி. அந்தப் பெயரை மட்டும் அவள் இரண்டு தடவை சொன்னாள். மாசிலாமணி பல்லைக் கடித்துக்கொண்டு ஆழமாகவே வெட்டினார்.

நாலாவது இடம் மிச்சம் இருந்தது.

“இங்க?”

“கோயிலுக்குக் கொடுக்குற பாத்திரத்துல என்ன வெட்டுவீய?”

“உபயம்னு வெட்டி, கொடுத்தவங்க பேரை வெட்டுவேன்.”

“வெட்டுங்க.”

“ஜமீன்தார் பேரையா?”

“துப்பாக்கி அவருது. பூ யாரு கொடுத்தது?”

 மாசிலாமணி குனிந்து, ‘உபயம் உலகாத்தாள்’ என்று வெட்டினார்.

வெள்ளிக்கிழமை காலையில் காரியஸ்தர் வந்தார். துப்பாக்கியை வாங்கி ஒவ்வொரு பெயராக வாசித்தார். 

“ஏ உலகாத்தா, உனக்குக் கிறுக்கா? இதை இடுப்புல சொருகிக்கிட்டு எங்க அய்யா ஊருக்குள்ள எப்படிப் போவாரு? உடனே அராவித் தள்ளு!”

“ஆழமா வெட்டியிருக்கு. அராவினா குழல் மெலிஞ்சுபோகும். உங்க அய்யா கையிலேயே வெடிக்கும்.”

“பூ எங்க?”

“இடமில்லைன்னு போய்ச் சொல்லுங்க.”

“உன் தலை இருக்காது, தெரியும்ல?”

“தெரியும்.”

 காரியஸ்தர் மாசிலாமணி பக்கம் திரும்பினார்.

“வேய், நீரு வயசானவரு, விவரம் தெரிஞ்சவரு. எங்கயாவது இடம் பார்த்து ஒரு பூவைப் போட்டுக் குடும். உம்மை அய்யாகிட்ட சொல்லிக் காப்பாத்துதேன்.”

மாசிலாமணி துப்பாக்கியை வாங்கினார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உலகாத்தாளின் பெயருக்குப் பக்கத்தில் விரல் வைத்து அளந்தார்.

“பூவுக்குப் பத்தாது. ஒரு பேருக்கு இடம் இருக்கு.”

உளியை எடுத்தார்.

“மூணு தடவையும் பூ வெட்ட இதைச் சுமந்துக்கிட்டு வந்தது நீருதானே? உம்ம பேரு என்னவே?”