கோல் போஸ்டின் நாடி

“மிஸ், நஸ்ரின் ஓடக்கூடாது. நாடி இறங்கவே மாட்டேங்குது.”

முத்தரசி சொன்னால் வகுப்பில் மறுபேச்சு கிடையாது. பிளஸ் டூவில் உடற்கல்வியைப் பாடமாக எடுத்த பெண்களில் அவள்தான் முதல் மதிப்பெண். நாடி பார்ப்பது பற்றிய பக்கத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள்.

அன்று மாவட்டப் போட்டி. தொடர் ஓட்டத்துக்கு மைக்கில் முதல் அழைப்பு வந்துவிட்டது. மூன்று பெண்கள் போய் நின்றாயிற்று.

நாலாவது ஆள் நஸ்ரின். போன வாரம் காய்ச்சலில் படுத்தவள். ஒரு சுற்று மெதுவாக ஓடி, உட்கார்ந்து, நாடி அடங்கினால்தான் களத்தில் விடுவேன் என்று எஸ்தர் மிஸ் கறாராகச் சொல்லியிருந்தார். நாடி பார்க்கும் பொறுப்பை முத்தரசியிடம் கொடுத்திருந்தார்.

நஸ்ரின் ஓடாவிட்டால் மாற்று ஆள் ஓடுவாள். மாற்று ஆள் முத்தரசி.

“எனக்கு நல்லாத்தான் இருக்கு மிஸ்.” நஸ்ரினின் குரல் உடைந்தது. “இந்த வருஷத்தோட ஸ்கூலே முடியுது. இனி எங்க ஓடப் போறேன்?”

“நீ பாட்டுக்கு சொல்லுவ. மயங்கி விழுந்தா யாருடி பதில் சொல்றது?” என்றாள் முத்தரசி.

“இன்னொரு தடவை பாரு,” என்றார் மிஸ்.

முத்தரசி நஸ்ரினின் மணிக்கட்டைப் பிடித்து, பெருவிரலை வைத்து அழுத்தினாள். உதடு எண்ணியது. கண் அடிக்கடி ஓட்டப் பாதைக்குப் போய் வந்தது.

“அதேதான் மிஸ். குறையவே இல்ல. சத்தியமா பொய் சொல்லல.”

அவள் பொய் சொல்லவில்லைதான். பொய்யாக இருந்திருந்தால் ஒரு அதட்டலில் முடிந்திருக்கும்.

மைக்கில் இரண்டாவது அழைப்பு. நஸ்ரின் தலையைக் குனிந்துகொண்டாள்.

மிஸ் முத்தரசியின் கையைப் பிடித்துப் பக்கத்திலிருந்த கோல் போஸ்டுக்கு இழுத்துப் போனார். அதே பெருவிரலை இரும்புக் கம்பத்தில் வைத்தார்.

“இதுக்குப் பாரு.”

“மிஸ், நேரமாகுது.”

“பாருன்னா பாரு.”

விளையாடுகிற நேரமா இது? முத்தரசிக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. கம்பத்தைக் கோபத்தோடு அழுத்தினாள். மூச்சை அடக்கினாள்.

முகம் மாறியது.

“என்ன?”

“துடிக்குது, மிஸ்.”

“இரும்பா?”

அவள் தன் பெருவிரலையே பார்த்தாள். ஒப்பிக்கும் அந்தப் பக்கம் இப்போதுதான் ஞாபகம் வந்தது. பெருவிரலால் நாடி பார்க்கக் கூடாது. அதில் பார்ப்பவரின் நாடியே துடிக்கும்.

“வேகமா?”

“ரொம்ப வேகமா, மிஸ்.”

மிஸ் அவள் கால்களைப் பார்த்தார். முத்தரசியும் குனிந்து பார்த்தாள்.

பள்ளிக்கு இருப்பது நாலே ஜோடி ஸ்பைக் ஷூ. மூன்று ஜோடி களத்துக்குப் போய்விட்டன. நாலாவது அவள் காலில் இருந்தது. எப்போது மாட்டிக்கொண்டாள் என்று அவளுக்கே நினைவில்லை. அவமானத்தில் காது சுட்டது.

அவள் நஸ்ரினிடம் ஓடி வந்தாள். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மணிக்கட்டில் வைத்தாள். இந்தத் தடவை கடிகாரத்தை மட்டும் பார்த்தாள்.

மைக்கில் கடைசி அழைப்பு.

“எவ்வளவு?” என்றாள் நஸ்ரின், நிமிராமலே.

முத்தரசி மண்ணில் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்தாள்.

“காலை நீட்டுடி.”